ஐந்து வக்தும் ஒரு கொப்பியும்



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமாவுக்கு, அதாவது கணவரின் வாப்பாவுக்கு, பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் சொல்லி நான்கு வருடமாகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை குளிசை. கிளினிக்குக்குக் கூட்டிப் போவது இவர்தான். “எப்படி இருக்கிறார்?” என்று டொக்டர் கேட்டால், “அப்படியேதான் இருக்கிறார்” என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லையாம். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், சொல்லாமல் விட்ட பத்து விடயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருமாம். நோய் கூடுகிறதா, ஒரே நிலையில் நிற்கிறதா என்பதை எங்களைப் போலப் படிப்பில்லாதவர்கள் எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்கிறார்.

படிப்பில்லாதவர் என்று அந்தச் சகோதரி தன்னைச் சொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த நோயைப் பொறுத்தவரை வைத்தியருக்குத் தெரியாத ஒரு படிப்பு அவரிடம் இருக்கிறது. மாமா சுபஹுக்கு எழும்பும்போது கட்டிலில் எத்தனை தரம் முயன்று எழும்பினார் என்பது அவருக்குத் தெரியும். சேர்ட் பொத்தானை யார் பூட்டிவிட்டார் என்பதும், தேநீர்க் கோப்பையை எந்தக் கையால் பிடித்தார் என்பதும் தெரியும். அதை எழுதி வைக்கும் வழக்கம் இல்லாததுதான் குறை.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் கறுப்பு நிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. உடல் இலகுவாக அசைவதற்கு இது வேண்டும். அந்த உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன் நோய். கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே அவற்றில் பெரும் பங்கு போய்விடுகிறது. லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதியதால் அவருடைய பெயர் வந்தது. நம் நாட்டு வைத்தியர்கள் கம்பவாதம் என்றும் நடுக்குவாதம் என்றும் வெகு காலமாகவே இதை அறிந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை. சிலருக்கு இறுக்கமும் மந்தமும் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்டவரை “வயசு போயிட்டுது” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

இந்த நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் லெவோடோபா என்ற மருந்து இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் இந்த மருந்து 1960களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. இன்றும் இதுவே முதன்மையான மருந்து. ஆரம்ப வருடங்களில் ஒரு குளிசை அடுத்த குளிசை வரை தாங்கும். சில வருடங்கள் போனால் தாங்காது. குளிசை போட்டு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் உடம்பு இளகும்; இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மறுபடி இறுகும். ஒரே மனிதர் காலை பத்து மணிக்குத் தானாக நடந்து பள்ளிக்குப் போவார். பகல் ஒரு மணிக்குக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் இருப்பார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கிளினிக்கை எண்ணிப் பாருங்கள். எந்த ஊரிலும் கிளினிக் என்றால் கூட்டம்தான். விடியற்காலையில் புறப்பட்ட அவசரத்தில் குளிசை போட்டாரா, எத்தனை மணிக்குப் போட்டார் என்பதே நினைவிருக்காது. வைத்தியர் பார்க்கும் சில நிமிடங்களில் அவர் இளகி இருப்பதும் இறுகி இருப்பதும் தற்செயல். அந்தத் தற்செயலை வைத்துத்தான் அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்கான மருந்து தீர்மானமாகிறது. நாம் “அப்படியேதான்” என்று சொல்லிவிட்டு வந்தால், வைத்தியர் பாவம், வேறென்ன செய்வார்?

நோயை அளப்பதற்கு வைத்தியர்களிடம் அளவுகோல்கள் இருக்கின்றன. 1967இல் மார்கரட் ஹோன், மெல்வின் யார் என்ற இரு வைத்தியர்கள் ஐந்து படிகளாக இதை வகுத்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படுவது முதலாம் படி. இரண்டு பக்கமும் என்றால் இரண்டாவது. நிற்பதில் தளம்பல் வருவது மூன்றாவது. துணை பெரிதும் வேண்டியிருந்தாலும் தானாக எழுந்து நிற்கக்கூடிய நிலை நான்காவது. பிறர் உதவியின்றிக் கதிரையோ கட்டிலோ விட்டு எழ முடியாதது ஐந்தாவது. எல்லோரும் ஐந்தாம் படி வரை போவார்கள் என்றோ, இத்தனை வருடத்தில் போவார்கள் என்றோ கணக்கில்லை. இதைப் படித்துவிட்டு “எங்கட வாப்பா மூன்றாம் படி” என்று கணக்குப் போட்டு யாரும் அழுதுகொண்டிருக்க வேண்டாம். படியை நிர்ணயிப்பது வைத்தியரின் வேலை.

என் மனதுக்குப் பிடித்தது இன்னோர் அளவுகோல். 1995இல் ஒக்ஸ்போர்டில் உருவான 39 கேள்விகள். அதில் கை எவ்வளவு நடுங்குகிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் இந்த நோயால் வெளியே போவது எத்தனை தரம் கஷ்டமாக இருந்தது, சாப்பாட்டை வெட்டிச் சாப்பிட முடிந்ததா, பிறர் முன்னால் வெட்கமாக இருந்ததா, தனிமையாக உணர்ந்தீர்களா, பேச்சு விளங்கவில்லை என்று பிறர் கேட்டார்களா என்ற பாணியில் கேள்விகள் போகும். வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதே அங்கே அளவு. நம் வீடுகளில் கேட்கப்படாத கேள்விகளும் இவைதான்.

இனி அந்தச் சகோதரிக்கான விடை. ஒரு சாதாரண பாடசாலைக் கொப்பி வாங்குங்கள். வெளிநாடுகளில் அரை மணித்தியாலத்துக்கொரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து நிரப்பி வரச் சொல்வார்கள். நம் வீட்டில் அது நடக்காது. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது யார் அரை மணித்தியாலத்துக்கொரு தரம் பேனாவைத் தேடுவது? ஆனால் நமக்கு அல்லாஹ் தந்த ஒரு மணிக்கூடு இருக்கிறது. ஐந்து வக்து. நம் நாட்டில் வக்து நேரங்கள் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதுமில்லை. சுபஹுக்கும் ளுஹருக்கும் இடைவெளி நீளம் என்பதால் ளுஹா நேரத்தில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு வரி.

ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டியது கொஞ்சம்தான். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, உடம்பு எப்படி. உடம்புக்கு ஓர் எழுத்துப் போதும். இளகி நன்றாக இருந்தால் ‘ந’. இறுகியிருந்தால் ‘இ’. நடுங்கினால் ‘நடு’. உடம்பு பாம்பு நெளிவதுபோல் தானாக அசைந்தால் ‘நெ’.

இந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள், விடயமே இதில்தான் இருக்கிறது. நடுக்கமும் நெளிவும் ஒன்றல்ல. நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது, ஒரே சீராக, தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல் வரும். மருந்து போதாதபோது கூடும். நெளிவோ அநேகமாக மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. வீட்டில் இரண்டையும் சேர்த்து “ஆட்டம் கூடிப் போச்சு” என்போம். அதைக் கேட்டு மருந்தைக் கூட்டினால், நெளிவுள்ளவருக்கு நெளிவு இன்னும் கூடும். குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்திலா, அடுத்த குளிசைக்குச் சற்று முன்பா என்று நேரம் குறித்திருந்தால் வைத்தியருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

தொழுகையே ஒரு நல்ல பரிசோதனை. நிற்பது, குனிவது, ஸஜ்தாவுக்குப் போவது, அதிலிருந்து எழும்புவது, ஸலாம் கொடுக்கக் கழுத்தைத் திருப்புவது என்று வைத்தியர் செய்து காட்டச் சொல்லும் அசைவுகளில் பல அதில் இருக்கின்றன. ஸஜ்தாவிலிருந்து தானாக எழும்பினால் 0, மெதுவாக என்றால் 1, கையை ஊன்றி என்றால் 2, ஆள் பிடிக்க வேண்டுமென்றால் 3, முடியவே இல்லையென்றால் 4 என்று போடுங்கள். எழும்பும்போது தலை சுற்றியதா என்பதையும் குறியுங்கள். இந்த நோயிலும் இதன் மருந்துகளிலும் எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கதிரையில் இருந்து தொழும் நிலை வந்தவருக்குக் கதிரையிலிருந்து எழும்புவதை அதே விதமாகக் குறித்துக்கொள்ளலாம். நிற்க இயலாதவர் இருந்து தொழலாம், அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்பது மார்க்கம் தந்த இலகு. மாமா கதிரைக்கு மாறினார் என்பது தொழுகையில் குறையல்ல. ஆனால் எந்த மாதம் மாறினார் என்பது கொப்பியில் இருக்க வேண்டும்.

இந்த ஆறு வரியை நாள் தவறாமல் எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி எழுதத் தொடங்கினால் இரண்டு கிழமையில் நீங்களும் களைத்துவிடுவீர்கள், அவருக்கும் பொலிஸ் காவல்போல் இருக்கும். கிளினிக்குக்கு முந்திய ஐந்தாறு நாட்கள் போதும். அதுவும் ஒளித்து எழுத வேண்டாம். அவரையே கேட்டு எழுதுங்கள். இயன்றால் பேனாவை அவரிடமே கொடுங்கள்.

பேனா என்றதும் இன்னொன்று. மாதம் ஒரு தரம், ஒரே வரியை அவரே எழுதட்டும். தன் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினாலே போதும். இந்த நோயில் எழுத்து வரிசையின் தொடக்கத்தில் பெரிதாக இருந்து போகப் போகச் சிறுத்துவிடும். ஆறு மாதத்து வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் எந்த இயந்திரமும் தேவையில்லை. அதே பக்கத்தில் மேலும் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த மாதம் எத்தனை ஜும்ஆவுக்குப் போனார்? எத்தனை தரம் விழுந்தார், எங்கே? மலச்சிக்கல் உண்டா? தூக்கத்தில் கத்தினாரா, கை கால் உதைத்தாரா? கல்யாண வீட்டுச் சஹனில் நால்வரோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா, வீட்டில் வயிறு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டாரா? அந்த வயிறு சரியில்லாதது பலமுறை வெட்கம்தான். நடுங்கும் கையைச் சஹனில் நீட்ட மனம் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெரியவர்கள் நம்மிடையே உண்டு.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கொப்பி மற்றவர்களைவிட அவசியம் என்று நான் கருத ஒரு காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெருந்தொகையானோர் புத்தளத்திலும் கல்பிட்டியிலும் குடியேறினர். 2002 சமாதான காலத்தில் சிலரும், 2009இல் யுத்தம் முடிந்த பின் இன்னும் சிலரும் திரும்பி வந்தார்கள். அன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியேறியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். இந்த நோய் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கே வருவது. அவர்களின் பிள்ளைகள் ஒருவர் ஐந்து சந்தியில், இன்னொருவர் தில்லையடியில் என்று இருக்கிறார்கள். வாப்பா மூன்று மாதம் மகனிடம், நோன்புக்கு மகளிடம். இரண்டு ஊர், இரண்டு கிளினிக், இரண்டு வைத்தியர். அங்கே கூட்டிய குளிசை இங்கே தெரியாது. ஊர் மாறும்போது உடுப்புப் பையோடு கொப்பியும் போகட்டும். முதல் பக்கத்தில் குளிசைகளின் பெயர், அளவு, நேரம், யார் எப்போது மாற்றினார் என்பதை எழுதிவிடுங்கள். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்த கம்பனிக் குளிசையை வாங்க வேண்டியதாயிற்று. பெட்டி மாறினாலும் அளவு மாறக்கூடாது என்பதற்கு இந்தப் பக்கம்தான் சாட்சி. குளிசை முடிந்துவிட்டதே என்று லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்துவது கூடாது. கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதே பக்கத்தில் சிவப்பு மையில் இன்னொரு வரி வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகியவை பார்க்கின்சன் நோயை மோசமாக்கக்கூடியவை. பார்மசியில் “தலைச்சுற்றுக்கு ஒன்று தாங்கோ” என்று கேட்கும் நம் பழக்கத்துக்கு இது நினைவிருக்கட்டும். நாட்டு வைத்தியத்தில் பூனைக்காலி விதை கொடுப்பதுண்டு. அதில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். குளிசையை இறைச்சிக் கறியோடும் மீனோடும் சேர்த்துப் போட்டால் சரியாக உள்ளே போகாது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போடுவது நல்லது.

ஒரு விடயத்தைக் கொஞ்சம் துணிந்து சொல்ல வேண்டும். சில நோயாளிகள் அறையின் மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், பூனை ஓடுகிறது என்று சொல்வார்கள். வீட்டில் உடனே ஜின், ஓதிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு எழும். ஓதுவதில் பரக்கத் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் இப்படித் தோற்றங்கள் தெரிவது இந்த நோயிலும் இதன் மருந்துகளிலும் வருவது. திகதியோடு எழுதி வைத்தியரிடம் காட்டினால் அளவைச் சரிப்படுத்துவார். சில குளிசைகளால் வழக்கமில்லாத செலவு, சூதாட்டம் போன்ற ஆசைகளும் தலைதூக்கலாம். வெட்கப்பட்டு மறைத்தால் குடும்பம்தான் கரையும். அதேபோல, வாப்பா ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் “1990ஐ நினைத்துக் கவலைப்படுகிறார்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கவலை உண்மைதான். ஆனால் மனச்சோர்வு இந்த நோயின் ஓர் உறுப்பு, அதற்குத் தனியாக மருந்துண்டு. முகம் அசையாமல் இருப்பதும் கோபத்தால் அல்ல. முகத்துத் தசையும் இறுகுவதால்.

ரமழான் பற்றியும் அந்தச் சகோதரி கேட்டிருந்தார். நம் நாட்டில் நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். மூன்று நான்கு வேளை குளிசையில் நடமாடுபவர் பகல் வேளைகளை விட்டால் அஸருக்குள் இறுகிப்போவார், விழவும் கூடும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். பித்யா கொடுப்பதா, வேறென்ன என்பதை மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் பெரியவர்கள் இலகுவில் இணங்கமாட்டார்கள், “ஐம்பது வருசம் பிடிச்ச நோன்பு” என்பார்கள். ஷஃபான் பிறந்தவுடனே வைத்தியரிடம் போய்க் கொப்பியைக் காட்டுங்கள். குளிசை இல்லாத நேரங்களில் என்ன நடக்கிறது என்பதை அவருடைய கண்முன்னே வைத்தால், வைத்தியர் சொல்லும் சொல்லுக்கு அவர் செவி சாய்ப்பார்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீயை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 1984இல் 42 வயதில் அவருக்கு இந்த நோய் என்று சொன்னார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. 2016 ஜூன் 3ஆம் திகதி வபாத்தானார். நோயைச் சொன்ன நாளிலிருந்து 32 வருடங்கள். ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரல் ஒடுங்கிப்போனது, ஆனால் மனிதர் வெளியே வருவதை நீண்ட காலம் விடவில்லை. 1986இல் அவரை மணந்த லொனி கடைசி வரை பக்கத்தில் இருந்தார். அந்தப் பெண்ணின் பெயரை நாம் குறைவாகவே சொல்கிறோம்.

நம் வீடுகளிலும் அப்படித்தான். நோயாளி ஆணாக இருந்தால் மனைவியோ மகளோ மருமகளோ கவனிக்கிறார். நோயாளி உம்மாவாக இருந்தால் அவரை யாரும் கவனிப்பதில்லை. தேங்காய் துருவும் கை மந்தமானதையும், சட்டி அடிப்பிடித்த வாசம் தெரியாமல் போனதையும் அவரே மறைத்துவிடுவார். வாசம் தெரியாமல் போவது நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரக்கூடிய அடையாளம். உம்மா கறிக்கு உப்புப் போட மறந்தால் சிரிக்கும் பிள்ளைகள், அவருடைய ஒரு கை நடக்கும்போது வீசாமல் தொங்குகிறதா என்றும் பார்க்கட்டும்.

கொப்பியின் பின்னட்டைக்கு முந்திய பக்கத்தை, சகோதரி, உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எத்தனை தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எழும்பினீர்கள், எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள், முதுகு வலி எப்படி என்று மாதம் ஒரு தரம் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள். உங்கள் கணவரிடமும் மச்சிமாரிடமும் அதே பக்கத்தைத் திறந்து வையுங்கள். கிழமையில் இரண்டு இரவு யார் வருவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.